கிண்ணத்துக்கு ஒரு மருமகன்

ஆக்லாந்துத் தமிழருக்கு இரண்டு உதைபந்தாட்டக் கழகங்கள் இருந்தன. ஒரு கழகத்துக்கே பதினொரு பேரைத் தேடிப் பிடிக்க வேண்டிய ஊரில் இரண்டு எதற்கு என்று கேட்பவர்கள் நம்மவர்களைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். காரணம் ஒரு மாலை. 1993ஆம் ஆண்டு 'வளர்பிறை' விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுவிழாவில் தலைவர் திருநாவுக்கரசுவின் கழுத்தில் விழுந்த மாலை தடிப்பமாக இருந்தது. செயலாளர் சற்குணத்தின் கழுத்தில் விழுந்தது கொடியில் காயப்போட்ட கயிறு மாதிரி இருந்தது. சற்குணம் பல்லைக் கடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். அடுத்த கிழமையே லின்ஃபீல்டில் தன் வீட்டுக் கராஜில் 'புதிய வளர்பிறை' என்று ஒன்றைத் தொடங்கி, தானே தலைவரானார். தனக்குத் தானே மாலை கட்டிப் போட்டுக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லித் திரிந்தது. அது அபாண்டம். மாலையைக் கட்டியவள் அவர் மனைவி வசந்தமலர். அவளும் தொல்லை விட்டால் போதும் என்றுதான் கட்டினாள்.

இந்த இரண்டு கழகங்களும், பாபகூராவிலிருந்து வரும் ஃபிஜித் தமிழர் அணியும், ஆல்பனிப் பக்கத்து மாணவர் அணியும் ஒவ்வொரு செப்டம்பரும் மோதிக்கொள்ளும் கிண்ணத்துக்கு 'ஒற்றுமைக் கிண்ணம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிரிக்காமல்தான் வைத்தார்கள். தொடர்ந்து மூன்று முறை வெல்லும் கழகம் கிண்ணத்தை நிரந்தரமாகவே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விளையாடுகிறவர் தமிழராக இருக்க வேண்டும், இல்லையென்றால் தமிழர் வீட்டில் பெண் எடுத்தவராக இருக்க வேண்டும். விதியின் இரண்டாம் பாதியை நுழைத்தவர் திருநாவுக்கரசு. அவருடைய அக்கா மகளைக் கட்டியவர் ஒரு சாமோவா இளைஞர். அந்த மனிதர் கோலுக்குள் நின்றால் பின்னால் வலை இருப்பதே தெரியாது. அவரை வைத்துத்தான் வளர்பிறை 94இலும் 95இலும் வென்றிருந்தது. சற்குணத்தின் அணியினர் அடித்த பந்தெல்லாம் அவருடைய நெஞ்சில் பட்டுத் திரும்பி வந்தது.

சற்குணம் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர். ஆக்லாந்தில் ஒரு பாண் தொழிற்சாலையில், வெந்து வரும் ரொட்டியின் நிறம் சரிதானா என்று பார்க்கும் வேலை. பள்ளிக்கூட நாட்களில் தான் இடது ஓரத்தால் பறக்கும் பெரிய லெஃப்ட் அவுட் ஆட்டக்காரன் என்று சொல்லுவார். கூடப் படித்தவர்கள் ஒருவரும் நியூசிலாந்துக்கு வராததால் அது அப்படியே நிலைத்துவிட்டது.

1996ஆம் ஆண்டு ஒரு மத்தியானம் அவர் தொழிற்சாலையின் பின்பக்கம் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாண் தட்டு ஏற்றுகிற புதுப் பொடியன் ஒருவன், பொலித்தீன் உறைகளைச் சுருட்டி ஒட்டிய பந்து ஒன்றைக் காலில் வைத்துக்கொண்டு நின்றான். எதிரே நாலைந்து பேர் மறித்தார்கள். பொடியன் இடது பக்கமாகச் சாய்ந்தான். எல்லாரும் இடது பக்கம் விழுந்தடித்துக்கொண்டு போனார்கள். அவன் அவசரப்படாமல் ஆறுதலாக வலது பக்கத்தால் போனான். சற்குணம் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். கண் கலங்கியது. சத்தியமாகக் கலங்கியது. அந்த மனிதருக்கு உதைபந்தில் இருந்த ஆசை மட்டும் கலப்படமில்லாதது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பொடியனின் பெயர் நோதார். ஜோர்ஜியா நாட்டுக்காரன்.

"அமெரிக்காவோ?" என்று கேட்டார் சற்குணம்.

"இல்லை சேர். கருங்கடல் பக்கத்து ஜோர்ஜியா. அங்கே சண்டை. மாமா இங்கே டாக்சி ஓடுகிறார், அவரிடம் வந்துவிட்டேன்" என்றான், அரைகுறை ஆங்கிலத்தில். ஊரில் ஒரு கழகத்தின் இளையோர் அணியில் விங்கில் விளையாடியிருந்தான். பிறகு அந்த மைதானத்தில் இராணுவ லொறிகள் நின்றனவாம்.

சண்டை என்றதும் சற்குணம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவன் தோளைத் தட்டினார். அடுத்த நிமிஷமே அவர் மனம் ஒற்றுமைக் கிண்ணத்துக்குப் போய்விட்டது.

நாலு அணிகளின் பொதுக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சற்குணம் நோதாரின் பெயரைக் கொடுத்தார்.

"நோதார் பெரிகாஷ்விலியோ?" என்றார் திருநாவுக்கரசு. "உந்த நீளப் பெயரை ஆர் காணும் வாசிக்கிறது?"

"ஓம், வாயுக்குள்ள வராது" என்று பக்கத்திலிருந்த பொருளாளர் இரத்தினசிங்கம் ஆமோதித்தார்.

"அதை விடும். தமிழ்ப் பொடியனோ?"

"இல்லை அண்ணை."

"தமிழ் வீட்டில கட்டினவனோ?"

சற்குணம் வரும்போது வேறு பேச்சு ஆயத்தப்படுத்தித்தான் வந்தார். அகதியின் துயரம், மனிதாபிமானம், விளையாட்டுக்கு எல்லையில்லை என்று நல்ல பேச்சு. ஆனால் அந்த நேரம் திருநாவுக்கரசு சிரித்தார். தடித்த மாலைக்கு மேலால் அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. சற்குணத்துக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்தது.

"கட்டப்போறவன்" என்றார்.

"ஆரை?"

"என்ரை மகளை."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த கண்மணி அக்கா கோப்பை நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே நின்றார்.

திருநாவுக்கரசு லேசுப்பட்ட ஆளில்லை. "நிச்சயார்த்தம் முடிஞ்சுதோ? நாங்கள் ஒருத்தரும் சாப்பிடேல்லையே" என்றார். மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. நம்மவர்களுக்குச் சாப்பிடாத நிச்சயார்த்தம் நிச்சயார்த்தமில்லை. மோதிரத்தைக் கண்ணால் காணாவிட்டாலும் பரவாயில்லை, வடையைக் கையால் தொட்டிருக்க வேண்டும்.

"வாற மாதம் எல்லாரும் சாப்பிடுவியள்."

"நல்லது. ஆனால் ஒண்டு. பிறகு கலியாணப் பேச்சுக்கால் முறிஞ்சுதெண்டால், அவன் விளையாடி நீங்கள் வெண்டதெல்லாம் செல்லாது. கிண்ணம் திரும்பி வரவேணும். எல்லாருக்கும் முன்னால சொல்லும், சம்மதமோ?"

"சம்மதம்!" என்று சற்குணம் மேசையில் ஓங்கி அடித்தார். கை நொந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் வசந்தமலர் அகப்பையோடு நின்றபடி கேட்டாள். "உங்களுக்கு விசரோ? பந்து காணாதெண்டு என்ரை பிள்ளையை எடுத்து உதைக்கிறியளோ?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான். ரெண்டு மூண்டு வருசம் போக, சரிவரேல்லை எண்டு விட்டிடலாம். சனம் மறந்துபோம்."

"சனம் மறக்குமோ? நீங்கள் மாலையை மறந்தியளோ?"

மகள் ராகவிக்கு அப்போது இருபது வயது, பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தாள். சின்ன வயதில் வந்தவள். தமிழ் முழுக்க விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அது தகப்பனுக்கும் வசதியாகத்தான் இருந்தது. தனக்குப் பிடிக்காத எதையாவது அவள் சொன்னால், "உன்ரை இங்கிலீசு விளங்கேல்லை" என்று நழுவிவிடுவார். அன்றைக்கு அவள் கோபிக்கவில்லை. லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் மாப்பிள்ளைப் படங்கள் வந்து சாப்பாட்டு மேசையில் கிடந்த காலம் அது. இந்த நாடகம் முடியும்வரை ஒரு படமும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றாள். தகப்பன் ஒத்துக்கொண்டார். தான் வென்றுவிட்டதாகவே நினைத்தார்.

பந்து விளையாட விடுவார்கள் என்றால் சரி என்று நோதாரும் நாடகத்துக்குச் சம்மதித்தான். நிச்சயார்த்தம் ஒரு மண்டபத்தில் சுத்த சைவமாக நடந்தது. வடை, மோதகம், பயித்தம் பணியாரம், ஏழு கறி. நோதார் கடன் வாங்கிய கோட்டுக்குள் ஒடுங்கி இருந்தான். அவனுடைய மாமா கேலா கையில் வைன் போத்தலோடு வந்து இறங்கினார். அதை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு, ஆரஞ்சுப் பார்லி ஒரு கிளாஸ் கொடுத்தார்கள். கேலா அதைப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு எழும்பி நின்று கிளாசை உயர்த்திப் பேசத் தொடங்கினார். அவர்கள் ஊரில் விருந்தென்றால் அப்படியாம். கடவுளுக்கு ஒரு பேச்சு, தாய்மாருக்கு ஒரு பேச்சு, செத்துப்போனவர்களுக்கு, பெண் வீட்டுக்கு, இந்த வடையைச் சுட்ட கைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சு. ஆக்லாந்தில் திருநாவுக்கரசுவை விட நீளமாக மேடையில் பேசிய ஒரு மனிதனை அன்றைக்குத்தான் சனம் கண்டது. செத்துப்போனவர்களுக்கான பேச்சில் கேலாவின் குரல் உடைந்தது. பாஷை விளங்காத கிழவிகள்கூட மூக்கைச் சிந்தினார்கள். எப்போதும் வாழ்த்துரைக்கென்று வைத்திருக்கும் தாளைத் திருநாவுக்கரசு மடித்துப் பையில் வைத்தார். ராகவி வாயைப் பொத்திச் சிரித்தாள். நோதாரும் சிரித்தான். அவ்வளவு பேருக்குள் அவர்கள் இருவர் மட்டுமே சேர்ந்து சிரித்தார்கள், சற்குணம் அதைக் கவனிக்கவில்லை.

செப்டம்பரில் இறுதியாட்டம். வளர்பிறையின் வலது பக்கக் காப்பாளர் பழனிவேல், சென்னையிலிருந்து வந்தவர், வரித்துறையில் வேலை. நோதார் முதல் தடவை பந்தோடு வந்தபோது பழனிவேல் கால்களை அகட்டி நின்றார். பந்து அவர் காலிடுக்கால் போனது. நோதார் பக்கத்தால் போனான். பழனிவேல் குனிந்து தன் காலடியில் பந்தைத் தேடிக்கொண்டு நின்றார்.

"சார், அவன் எந்தப் பக்கம் போனான்னு யாராவது பாத்துச் சொல்லுங்களேன்" என்று பிறகு சலித்துக்கொண்டார்.

அன்றைக்கு நாலு கோல். சாமோவா மருமகன் வலைக்குள் கைவிட்டுப் பந்தெடுத்ததை ஊர் முதன்முதலாகப் பார்த்தது. அவர் நல்ல மனிதர், ஆட்டம் முடிந்ததும் நோதாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். சற்குணம் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முன்னறையில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த ராகவியின் பள்ளிக்கூடப் பரிசுகளை ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவில் கிண்ணத்தை வைத்தார்.

பிறகு நோதாரின் காலம். ஒரு பேட்டைக் கழகம் அவனை எடுத்தது. அங்கிருந்து நகரத்துப் பெரிய கழகம் எடுத்தது. பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் முதலில் பெயர் வந்தது, பிறகு படம், பிறகு அரைப்பக்கம். பாண் தட்டு ஏற்றிய கையால் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டான். அவன் பந்தை வாங்கி இடது ஓரத்தால் ஓடத் தொடங்கினால் மைதானத்தில் ஒரு இரைச்சல் எழும்பும், அதற்காகவே சனம் காசு கொடுத்துப் போனது.

நம் சனத்தைச் சொல்ல வேண்டும். நிச்சயார்த்தத்தில் மோதகத்தை மென்றபடி "பெட்டையைக் கொண்டுபோய் வெள்ளையனுக்குக் குடுக்கிறார்" என்று முணுமுணுத்த அதே வாய்கள், அரைப்பக்கப் படம் வந்த நாள்முதல் "எங்கட மருமோன்" என்றன. வெள்ளிக்கிழமைப் பூசையில் நோதார் பெயரில் அர்ச்சனை செய்யப் போட்டி. ஐயர் நட்சத்திரம் கேட்டார். கண்மணி அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் "கேட்டை" என்றார். அன்றிலிருந்து அவனுக்குக் கேட்டை நட்சத்திரம்தான். இரத்தினசிங்கம் ஒரு படி மேலே போய், ஜோர்ஜியர்கள் ஆதியில் தமிழர்களே என்று ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். ஆதாரம், அவர்களும் விருந்தாளியைக் கேட்காமலே மூன்றாம் தரமும் சோறு போடுகிறார்கள், சாப்பிட்ட பிறகு எழும்பாமல் பேசுகிறார்கள். கைதட்டல் பலமாக இருந்தது.

சற்குணம் இந்த வெயிலில் நன்றாகக் குளிர்காய்ந்தார். சனத்துக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று நோதாரையும் ராகவியையும் கலியாணவீடு, பிறந்தநாள், பூப்பெய்திய பிள்ளைகளின் சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் ஒன்றாக அனுப்பினார். "ஒரே காரில போங்கோ. பக்கத்தில பக்கத்தில இருங்கோ. சனம் பார்க்கவேணும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். நோதாருக்கு லைசென்ஸ் இல்லாததால் ராகவி காரோட்டினாள். பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டாள், மழைக்குள் காத்திருந்து கூட்டிவந்தாள். அவனுக்கு ஆங்கிலம் திருத்தினாள். அவன் ஊரைப் பற்றிச் சொல்லுகையில் அவளும் தான் விட்டு வந்த வீட்டைப் பற்றிச் சொன்னாள். அதைப் பற்றித் தகப்பனிடம் அவள் ஒருநாளும் பேசியதில்லை, அவர் கேட்டதும் இல்லை.

வசந்தமலர் மட்டும் ஒருநாள் கேட்டாள். "இப்பிடிக் கொண்டாடுறியள். அப்ப உண்மையாய்க் குடுப்பியளோ?"

"உமக்கென்ன விசரோ? அவன் ஆர், நாங்கள் ஆர்?" என்றார் சற்குணம். கையில் நோதாரின் படம் போட்ட பத்திரிகை இருந்தது.

97இலும் கிண்ணம் வந்தது. 98இலும் வந்தது. மூன்றாம் முறை வென்றபோது சற்குணம் மைதானத்தில் முழங்காலில் நின்று புல்லைத் தொட்டுக் கும்பிட்டார். இனிக் கிண்ணம் நிரந்தரம். நோதாருக்கு மெல்பேர்ன் கழகம் ஒன்றிலிருந்து ஒப்பந்தம் வந்திருந்தது. சற்குணத்துக்கு எல்லாமே கைகூடி வந்த மாதிரி இருந்தது. பொடியன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விடுவான், கொஞ்ச நாளில் 'தூரம் கூடிப்போச்சு, சரிவரேல்லை' என்று மெல்ல அவிழ்த்துவிடலாம். மேசையில் அடித்துச் சொன்ன 'சம்மதம்' யாருக்கு நினைவிருக்கப் போகிறது? லண்டனில் ஒரு டொக்டர் மாப்பிள்ளையின் படம் ஏற்கெனவே அவர் சேர்ட் பைக்குள் இருந்தது.

ஒரு புதன்கிழமை பின்னேரம் நோதாரும் மாமா கேலாவும் வந்தார்கள். நோதார் இந்தமுறை சொந்தக் கோட்டுப் போட்டிருந்தான். கேலா வைன் போத்தலை மேசையில் வைத்தார். ஒருவரும் அதை எடுக்கவில்லை.

"ராகவியை எனக்குத் தர வேண்டும் என்று கேட்க வந்தேன்" என்றான் நோதார்.

சற்குணம் சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

"தம்பி, நீ நல்ல பிள்ளை. ஆனால் அது பந்துக்காகச் செய்தது. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சேர். அதனால்தான் பந்தில்லாமல் வந்திருக்கிறேன்."

ராகவி முன்னால் வந்தாள். தான் அவனை விரும்புவதாகவும், அவனோடு மெல்பேர்னுக்குப் போக நினைப்பதாகவும் ஆங்கிலத்தில் சொன்னாள். உங்களைக் கேட்காமல் நாளைக்கே கலியாணம் எழுதலாம், சட்டத்தில் தடையில்லை, ஆனால் நீங்கள் ஓம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை, அதற்காகத்தான் அவரை வரச் சொன்னேன் என்றாள்.

"உன்ரை இங்கிலீசு எனக்கு விளங்கேல்லை" என்றார் சற்குணம்.

"எனக்கு விளங்குது" என்றாள் வசந்தமலர்.

"நீர் பேசாமல் இரும். சனம் என்ன கதைக்கும்?"

"சனம் மூண்டு வருசமாய்க் கதைச்சு, சாப்பிட்டு, அர்ச்சனையும் செய்து முடிச்சிட்டுது. நீங்கள்தானே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டனீங்கள்?"

"விளையாட்டு வேறை, ரத்தம் வேறை. என்ரை வீட்டில இது நடக்காது" என்று சற்குணம் எழும்பினார். தன்னுடைய குரல் தனக்கே கம்பீரமாக இருந்தது. கேலா எழும்பி நின்றார். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கும் அந்த மனிதர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. போத்தலை மேசையிலேயே விட்டுவிட்டு, நோதாரின் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

வியாழன் ராகவி வீட்டில் ஒன்றும் பேசவில்லை. வெள்ளியும் அப்படித்தான். தகப்பன் போகும் வரும் இடமெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கோபம் ஆறட்டும் என்று சற்குணம் அவளைக் கடந்து போனார்.

சனிக்கிழமை காலை வாசலில் திருநாவுக்கரசுவின் கார் வந்து நின்றது. மாலைப் பிரச்சினைக்குப் பிறகு அவர் இந்தப் படி ஏறியதில்லை. கையில் மடித்த துவாய் ஒன்று இருந்தது.

"கேள்விப்பட்டன், சற்குணம். பேச்சுக்கால் முறிஞ்சுபோச்சுதாம். சரியான மனவருத்தம்" என்றார். அவர் கண் நேரே அலுமாரிக்குப் போனது. "கிண்ணத்தைச் சுத்திக்கொண்டு போக ஒரு துவாயும் கொண்டுவந்தனான். கீறல் விழப்படாது, பாரும்."

சற்குணம் அலுமாரியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் கிண்ணம் மினுங்கியது. அடியில் பித்தளைத் தகட்டில் மூன்று வருஷமும் 'புதிய வளர்பிறை' என்று வெட்டியிருந்தது. அந்தத் தகட்டில் வேறு பெயர் ஏறும். திருநாவுக்கரசு சிரிப்பார். தடித்த மாலை போட்டுக்கொண்டு சிரிப்பார். மகளின் முகம் அந்த நேரம் அவர் மனதில் வரவில்லை. வந்தது என்று பிற்பாடு பல மேடைகளில் சொன்னார். வரவில்லை.

"ஆர் அண்ணை உங்களுக்குச் சொன்னது?" என்றார். "ஐப்பசியில கலியாணம். முதல் கார்ட் உங்களுக்குத்தான்."

திருநாவுக்கரசு வாய் பிளந்து நின்றார். போகிற அவசரத்தில் துவாயைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ராகவி மாடிப்படியில் நின்றிருந்தாள். தகப்பனைப் பார்த்தாள். அலுமாரியைப் பார்த்தாள். "தாங்க்ஸ், டாட்" என்றாள். அவள் குரல் ஏன் அவ்வளவு வறண்டிருந்தது என்று சற்குணம் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் நா ஒட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வேறு மனிதராகிவிட்டார். "எனக்குச் சாதியில்லை, இனமில்லை, பிள்ளையின்ரை சந்தோசம்தான் பெரிசு" என்று கடையில், பூசையில், பாண் தொழிற்சாலையில் சொல்லித் திரிந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜமாகியது. பெருந்தன்மைக்காரர் என்று சனம் கைகொடுத்தது. லண்டன் டொக்டரின் படத்தைக் கிழித்து, வசந்தமலர் பார்க்கும்படியாகக் குப்பையில் போட்டார்.

கலியாணம் பெரிய மண்டபத்தில் நடந்தது. நோதார் வேட்டி கட்டித் தலைப்பாகை வைத்து, தடுக்கி விழாமல் மணவறையைச் சுற்றி வந்தான். கேலாவுக்கு இந்தமுறை மூன்று பேச்சுகளோடு நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அவர் ஐந்து பேசினார். இறுதியில் திருநாவுக்கரசு மேடைக்கு வந்தார். கையில் ஒரு மாலை. ரோசாவும் மல்லிகையுமாக, கை மொத்தத்துக்கு, முழங்கால்வரை தொங்கும் மாலை. அதைச் சற்குணத்தின் கழுத்தில் போட்டு, "எங்கட சமூகத்துக்கே முன்மாதிரியான தகப்பன்" என்றார். மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. சற்குணம் தன் வாழ்நாளில் கேட்ட எல்லாம் அந்த நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

மாப்பிள்ளையும் பெண்ணும் புறப்படும் நேரம் ராகவி காலில் விழுந்து எழும்பினாள். மாலையின் பாரத்தால் சற்குணத்துக்குச் சரியாகக் குனிய முடியவில்லை.

"சந்தோசமோ பிள்ளை?" என்று கேட்டார்.

"சந்தோசம் அப்பா" என்றாள் ராகவி. தமிழில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக யோசித்து யோசித்து, ஆனால் பிழையில்லாமல் சொன்னாள். "திருநாவுக்கரசு மாமாவுக்குப் போன் எடுத்துச் சொன்னது நான்தான்."

சற்குணம் மாலையை விலக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"புதன்கிழமை உடனே எடுக்கேல்லை. வெள்ளி பின்னேரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தன். நீங்கள் எனக்காக ஓம் சொல்லுவீங்கள் எண்டு பார்த்தன். சொல்லேல்லை. கிண்ணத்துக்கெண்டால் சொல்லுவீங்கள் எண்டு தெரியும், அதுதான் எடுத்தன்."

விளங்கேல்லை என்று சொல்ல அவர் வாய் தானாகத் திறந்தது. அவள் பேசியது அவருடைய பாஷை. அவள் அவர் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போய்க் காரில் ஏறினாள். சற்குணத்துக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பேர் கைதட்டிய நாளில் அவர் வாழ்க்கையில் என்றைக்கும் படாத வெட்கம் பட்டுக்கொண்டு, அந்தப் பெரிய மாலையோடு நின்றார்.

அவர்கள் மெல்பேர்னுக்குப் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை சற்குணம் அலுமாரியைத் திறந்தார். திருநாவுக்கரசு விட்டுப்போன துவாயால் கிண்ணத்தைச் சுற்றினார். காரில் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு திருநாவுக்கரசு வீட்டுக்குப் போனார்.

"இந்தாங்கோ அண்ணை. நிச்சயார்த்தம் பொய். கிண்ணத்துக்காகச் செய்தது. எடுத்துக்கொள்ளுங்கோ."

திருநாவுக்கரசு அவரை மேலும் கீழும் பார்த்தார். "உமக்கென்ன பிடிச்சது? கலியாணம் நடந்துதே. நானே வந்து சாப்பிட்டனான். விதிப்படி கிண்ணம் உங்கடைதான்" என்றார். துவாயை மட்டும் எடுத்துக்கொண்டு, கிண்ணத்தைத் திருப்பிக் கையில் கொடுத்தார்.

சற்குணம் திரும்பி வந்தபோது வசந்தமலர் முன்னறையில் ராகவியின் பள்ளிக்கூடப் பரிசுகளை அலுமாரியின் நடுத்தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொன்றுக்கு அங்கே இடமில்லை.

"அவரும் எடுக்கேல்லை" என்றார் சற்குணம்.

"அப்ப கராஜில வையுங்கோ" என்றாள் வசந்தமலர், திரும்பிப் பாராமல்.